பாரும் பாறையும்: அந்தமான் தூண்டிற் தொழிலைப் பற்றி ஒரு மொழிபெயர்ப்பாளனின் அபிப்பிராயம்

மொழிபெயர்ப்பில் நேரும் பிழைகள் இருவகைப்படும். படிப்பவர் உடனே கண்டுகொண்டு சிரித்துவிட்டு அப்பால் போகும் பிழை ஒன்று. அகராதியும் இலக்கணமும் குற்றங் கூற இயலாதபடி சொல்லெல்லாம் சரியாக இருந்து, பொருள் மட்டும் தலைகீழாகிவிடும் பிழை மற்றொன்று. இந்த இரண்டாம் வகைப் பிழையொன்றைச் சில ஆண்டுகளுக்கு முன் நானே செய்தேன். அதன் வரலாற்றைச் சொல்வது என் பெருமைக்கு உகந்ததன்று. எனினும் இக்கட்டுரைக்கு அதுவே தக்க தொடக்கம்.

அந்தமான் தீவுகளில் பார்களைச் சுற்றித் தூண்டில் போடும் மீனவர்களுக்காக ஒரு சிறு பிரசுரம் தமிழாக்கத்திற்கு என் மேசைக்கு வந்தது. எந்த அலுவலகத்திலிருந்து வந்தது என்பது இங்கு வேண்டாத விஷயம். 'ராக் காட்' என்னும் மீனில் மிகச் சிறியனவற்றையும் மிகப் பெரியனவற்றையும் பிடித்தவுடன் கடலிலேயே விட்டுவிட வேண்டும் என்பது அதன் சாரம். 'ராக்' என்றால் பாறை என்பது பள்ளிச் சிறுவனும் அறிந்தது. ஆகவே நான் 'பாறை மீன்' என்று எழுதினேன். 'விட்டுவிடுதல்' என்பதற்குத் தெளிவு வேண்டும் என்று கருதி, 'கடலில் மீண்டும் எறிந்துவிடுக' என்றும் எழுதினேன். அச்சான பிரதியைப் பார்த்தபோது என் உள்ளம் குளிர்ந்தது என்பதை ஒப்புக்கொள்கிறேன்.

பிறகு அலுவல் காரணமாகத் தீவுகளுக்குப் போக நேர்ந்தது. போர்ட் பிளேர் என்று நெடுங்காலம் வழங்கி, 2024 ஆம் ஆண்டு செப்டம்பரில் ஸ்ரீ விஜயபுரம் எனப் பெயர் மாறிய நகரத்தில், ஜங்கிளிகாட் என்னும் மீன் இறங்குதுறை உண்டு. விடியற்காலையில் அங்கே நின்றால் தமிழ், தெலுங்கு, வங்காளி, இந்தி ஆகிய நான்கு மொழிகளிலும் ஒரே மீனுக்கு விலை கேட்கப்படுவதைக் கேட்கலாம். 2011 ஆம் ஆண்டின் மக்கட்கணக்குப்படி இத்தீவுகளில் வாழ்ந்த ஏறத்தாழ 3.8 லட்சம் பேரில் நூற்றுக்குப் பதினைந்து பேருக்குத் தாய்மொழி தமிழ். அவ்விடத்தில் ஒரு தமிழ்ப் பெரியவரைச் சந்தித்து, அந்தப் பிரசுரத்தைப் பற்றிக் கேட்டேன். அவருடைய பாட்டனார் இராமநாதபுரக் கரையிலிருந்து வந்தவராம். அவர் பிரசுரத்தைக் கண்டிருந்தார். "பாறையைப் பிடிச்சா கடல்ல எறியணுமாமே ஐயா, அப்புறம் நாங்க எதை விக்கிறது?" என்றார்.

அப்பொழுதுதான் எனக்கு உறைத்தது. நம் கடற்கரை நெடுகிலும் 'பாறை' என்பது ஒரு மீனின் பெயர். ஆங்கிலத்தில் 'டிரெவல்லி' எனப்படும் வெள்ளி நிற மீன் இனம் அது. 'ராக் காட்' என்று ஆங்கிலேய அதிகாரிகள் குறித்தது முற்றிலும் வேறான களவா என்னும் மீனை. களவாவைக் காக்க எண்ணி எழுதப்பட்ட பிரசுரம், என் கைவண்ணத்தால், அன்றாடம் விற்றுப் பிழைக்கும் பாறையைக் கடலில் எறியச் சொல்லிவிட்டது. மீனவர்கள் அதைப் படித்துவிட்டு, இதை எழுதியவன் கடலையே பார்த்திராதவன் என்று முடிவு செய்து ஒதுக்கிவிட்டார்கள். அவர்கள் முடிவு பெரும்பாலும் சரியே.

பெரியவர் இன்னொன்றும் கேட்டார். "இருபது பாகத்துக்குக் கீழேயிருந்து இழுத்த மீனு, எறிஞ்சா எப்படிங்க ஐயா முங்கும்?" இக்கேள்வியின் ஆழம் அன்று எனக்கு முழுவதும் விளங்கவில்லை. இதற்குப் பின்னர் வருகிறேன்.

முதலில் இந்தத் தொழிலின் இயல்பைக் கூறுவது அவசியம். அந்தமான் நிக்கோபார் தீவுகள், கடலுள் மூழ்கிய ஒரு மலைத்தொடரின் சிகரங்கள். சோழ மண்டலக் கரையைப்போல மெல்ல மெல்லச் சரியும் அகன்ற மணல் மேடை இங்கு இல்லை. கரையை விட்டுச் சிறிது தூரம் சென்றாலே தரை திடீரென்று பாதாளத்தில் இறங்கிவிடுகிறது. எனவே அடித்தள மீன்கள் வாழத்தக்க இடம், தீவுகளைச் சுற்றி ஓடும் பவளப் பார்களும், கடலடியில் தனித்து எழும் கற்பார்களுமாகிய ஒரு குறுகிய விளிம்பே ஆகும். தலைநகருக்குத் தென்கிழக்கே கடல் நடுவில் மறைந்து கிடக்கும் இன்விசிபிள் பேங்க் போன்ற திட்டுகளும், நாட்டின் ஒரே உயிருள்ள எரிமலையாகிய பாரன் தீவின் அடிவாரமும் இவ்வகையைச் சேர்ந்தவை.

இப்பார்களில் வாழும் மீன்களுள் தூண்டிற்காரனோடு மல்லுக்கு நிற்பவை நான்கு இனங்கள்: களவா, செப்பிலி, விளமீன், பாறை. களவா தடித்த உடலும் அகன்ற வாயும் உடையது. ஓடிப் பிடிக்கும் வேடன் அன்று. பொந்தின் வாயிலில் அசையாமல் காத்திருந்து, இரை அருகில் வந்ததும் வாயைத் திடீரென்று திறந்து நீரோடு சேர்த்து உறிஞ்சிக்கொள்ளும். முள் தைத்த மறுகணமே அது பொந்துக்குள் பாயும். உள்ளே போனதும் செவுள் மூடிகளை விரித்து, முதுகு முட்களை நிமிர்த்தி, கல்லுக்கிடையே ஆப்பு அடித்தாற்போல இறுகிக்கொள்ளும். அதன் பிறகு எவ்வளவு இழுத்தாலும் நரம்பு அறுமேயன்றி மீன் வராது. ஆகவே முதல் மூன்று நான்கு விநாடிகளில்தான் போரின் முடிவு இருக்கிறது. அந்தச் சில விநாடிகளில் மீனின் தலையைப் பொந்தை விட்டு மேல்நோக்கித் திருப்புகிறவனே வெல்கிறான். தவறவிட்டவர்கள் சினந்து இழுப்பதில்லை. நரம்பைத் தளர்த்திவிட்டு வெற்றிலை போட்டுக்கொண்டு காத்திருப்பார்கள். சில வேளை மீன் தானே வெளியே வரும்.

பாறையின் போர் வேறு விதம். அதற்கு ஒளிந்துகொள்ளும் பழக்கம் குறைவு. பிறை போன்ற வாலும், நீரைக் கிழித்துச் செல்லும் ஒடுங்கிய உடலும் கொண்டு, நெடுந்தூரம் விடாமல் ஓடும் ஆற்றல் அதனிடம் உண்டு. இவ்வினத்தில் மிகப் பெரியதற்கு விஞ்ஞானிகள் வைத்த பெயர் 'கேரங்ஸ் இக்னோபிலிஸ்.' இலத்தீனில் 'இக்னோபிலிஸ்' என்றால் இழிந்தது என்று பொருள். 1775 ஆம் ஆண்டில் ஃபோர்ஸ்கால் என்பாரின் நூலில் இப்பெயர் வெளியாயிற்று. எக்காரணத்தால் அவருக்கு இம்மீன்மேல் அவ்வளவு வெறுப்போ! இன்று உலகின் பல நாடுகளிலிருந்து செல்வர்கள் விமானம் ஏறி வந்து, இந்த 'இழிந்த' மீனோடு ஒரு மணி நேரம் போராடுவதற்காகப் பெரும்பொருள் செலவிடுகிறார்கள். 2006 ஆம் ஆண்டில் ஜப்பானில் பிடிபட்டு உலகப் பதிவேட்டில் ஏறிய இவ்வகை மீன் ஒன்று 72 கிலோவுக்கு மேல் எடையிருந்தது.

மீனவன் இதற்கு வைத்திருக்கும் கருவியோ மிக எளியது. ஒரு சிறு டிங்கி, நைலான் நரம்பு சுற்றிய கட்டை, ஈயக்குண்டு, முள், இரைக்குக் கணவாயோ சாளையோ வெட்டிய சூரைத் துண்டோ. நரம்பு விரலை அறுக்காதபடி பழைய சைக்கிள் டியூபை வளையமாக வெட்டி விரல்களில் மாட்டிக்கொள்கிறார்கள். கரையில் தெரியும் குன்றையும் மரத்தையும் ஒன்றோடொன்று நேர்கோட்டில் வைத்துப் பாரின் இடத்தைக் கண்டுபிடிக்கும் பழைய முறை, செயற்கைக் கோள் வழிகாட்டும் பொறி கைக்கு வந்த பின்னரும் முற்றிலும் மறையவில்லை. நீரோட்டத்தை நம் தென்கரைப் பரதவர் நீவாடு என்பர். அதிலும் வாநீவாடு, சோநீவாடு என்று வகை பிரிப்பர். நீவாடு திரும்பும் வேளையில் ஈயக்குண்டு நேராக இறங்கும், மீனும் இரை தேடிப் பொந்தை விட்டு வெளிவரும் என்பது அவர்கள் அனுபவம். நிக்கோபாரியரும் தங்கள் ஹோடி என்னும் பக்கமிதவைத் தோணியிலிருந்து இவ்வாறே கைத்தூண்டில் போடுகின்றனர். 1925 முதல் பர்மாவிலிருந்து வந்து மாயாபந்தர்ப் பகுதியில் குடியேறிய கரேன் மக்களும் கடலோடு நெருங்கிய பழக்கமுடையவர்கள்.

என் அபிப்பிராயத்தில், பார்களில் மீன் பிடிக்கத் தூண்டிலைவிடத் தகுந்த கருவி வேறில்லை. வலை பவளத்தைச் சிதைக்கும். தூண்டில் ஒரு நேரத்தில் ஒரு மீனோடு மட்டுமே பேசும். ஆனால் தூண்டிலால் தீமையே விளையாது என்ற எண்ணத்தையும் நான் ஏற்கவில்லை. இவ்விடத்தில்தான் விஞ்ஞானத்தின் துணை நமக்கு வேண்டியிருக்கிறது.

களவாவின் வாழ்க்கையில் ஒரு விந்தை உண்டு. இவ்வினத்து மீன்கள் பெரும்பாலும் முதலில் பெண்ணாக வளர்ந்து முட்டையிட்டு, பல ஆண்டுகளுக்குப் பின், உடல் பெருத்த நிலையில், அவற்றுள் சில ஆணாக மாறுகின்றன. ஆகவே ஒரு பாரில் உள்ள மிகப் பெரிய மீன்களைத் தேர்ந்தெடுத்துப் பிடித்துவிட்டால், அப்பாரின் ஆண்களையே பிடித்துவிட்டோம் என்று பொருள். வயலில் விதைநெல்லை விற்றுவிட்டுப் பதரைக் காக்கும் குடியானவனை நாம் கண்டதில்லை. கடலில் அதைத்தான் செய்கிறோம். ஏனெனில் பெரிய மீனே சந்தையிலும் அதிக விலை பெறுகிறது, கோல் தூண்டில் பிடித்துப் படம் எடுத்துக்கொள்ள விரும்பும் விளையாட்டுக்காரருக்கும் அதுவே வேண்டியிருக்கிறது. சிறிய மீன்களைப் பிடிக்கலாகாது என்னும் விதி நல்லதே. கேரள அரசாங்கம் 2015 இல் 14 இனங்களுக்கும் 2017 இல் மேலும் 44 இனங்களுக்கும் குறைந்த அளவு விதித்து நம் நாட்டுக்கு வழிகாட்டிற்று. ஆனால் களவாவுக்குக் கீழ் வரம்பு மட்டும் போதாது. மேல் வரம்பும் வேண்டும். ஆஸ்திரேலியாவின் குவீன்ஸ்லாந்து மாகாணத்தில் கழிமுகக் களவாவை 38 சென்டிமீட்டருக்குக் குறைந்தாலும் பிடிக்கக்கூடாது, 120 சென்டிமீட்டருக்கு மிகுந்தாலும் பிடிக்கக்கூடாது என்று விதி இருக்கிறது. இனங்களில் மிகப் பெரியதும், 400 கிலோ வரை வளரக்கூடியதுமான பெருங்களவாவை நம் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் 2001 முதலே பாதுகாப்புப் பட்டியலில் சேர்த்திருக்கிறது. மற்றக் களவா இனங்களுக்கும் ஒரு மேல் வரம்பு வகுப்பதில் என்ன தடை என்று எனக்குப் புலப்படவில்லை.

இரண்டாவது, இம்மீன்கள் முட்டையிடக் கூடும் காலம். ஆண்டு முழுவதும் தனித்தனியே பொந்துகளில் வாழும் களவாக்கள், குறிப்பிட்ட மாதங்களில், குறிப்பிட்ட திதியையொட்டி, குறிப்பிட்ட ஓர் இடத்தில் திரளாகக் கூடுகின்றன. லட்சத்தீவின் பித்ராப் பாரில் சதுரவால் களவா அமாவாசையையொட்டி இவ்வாறு பெருந்திரளாகக் கூடுவதை ஆராய்ச்சியாளர்கள் நீரில் மூழ்கிப் பார்த்துப் பதிவு செய்திருக்கிறார்கள். அத்திருவிழா நாளில் அவ்விடம் அறிந்த ஒருவன் தூண்டில் போட்டால், பல மைல் சுற்றளவுள்ள பார்களின் மீனை ஒரே இடத்தில் அள்ளிவிடலாம். கூட்டம் கூடும் வரை அவனுக்குக் கடல் வளமாகவே தோன்றும். கூட்டம் கூடாத ஆண்டு வரும்போது சொல்லிக்கொண்டு வராது.

பசிபிக் பெருங்கடலின் பலாவ் தீவுகளில் மீனவர்கள் இவ்வுண்மையைத் தலைமுறை தலைமுறையாக அறிந்திருந்தார்கள். ஜோஹன்னஸ் என்னும் விஞ்ஞானி அங்கே தங்கி, அவர்களுடன் படகில் சென்று, எந்த மீன் எந்தப் பிறையில் எங்கே முட்டையிடும் என்று அவர்கள் சொன்னவற்றை எழுதி, 1981 இல் ஒரு நூலாக வெளியிட்டார். அதுவரை விஞ்ஞானப் பத்திரிகைகளில் இடம் பெறாத செய்திகள் பல அதில் இருந்தன. அந்நூலின் பெயரைத் தமிழில் சொல்வதானால் 'காயலின் சொற்கள்' எனலாம். ஓர் உயிரியல் நிபுணர் தம் நூலுக்குச் 'சொற்கள்' என்று பெயரிட்டது எனக்கு மிகவும் பிடித்திருக்கிறது. 1994 இல் பலாவ் அரசாங்கம் சட்டம் இயற்றி, களவா கூடும் மாதங்களில் அதைப் பிடிப்பதைத் தடை செய்தது. குவீன்ஸ்லாந்திலும் ஆண்டுதோறும் அக்டோபர், நவம்பர் மாதங்களின் அமாவாசையை ஒட்டி ஐந்தைந்து நாள் பார்மீன் பிடிப்பு நிறுத்தப்படுகிறது. ஆண்டில் பத்தே நாள்! நம் தீவுகளில் எந்த மாதம், எந்தத் திதி, எந்தப் பார் என்பதைக் கண்டுபிடிக்க, கப்பலையும் கருவிகளையும் அனுப்புமுன், ஜங்கிளிகாட்டிலும் மாயாபந்தரிலும் உள்ள முதியவர்களைக் கேட்டு எழுதிவைப்பது செலவு குறைந்த வழி. கேட்பவருக்கு அவர்கள் மொழி தெரிந்திருக்க வேண்டும் என்பது மட்டுமே நிபந்தனை.

இனி, பெரியவர் கேட்ட கேள்விக்கு வருகிறேன். கடலில் பத்து மீட்டர் ஆழத்துக்கு ஒரு வளிமண்டலம் வீதம் அழுத்தம் கூடுகிறது. நாற்பது மீட்டர் ஆழத்தில் மேற்பரப்பைப்போல ஐந்து மடங்கு அழுத்தம் இருக்கும். களவா, செப்பிலி முதலிய மீன்களின் வயிற்றில் காற்றுப்பை ஒன்று உண்டு; அதற்கு வாய்வழியாகத் திறப்பு இல்லை. உள்ளிருக்கும் வாயு இரத்தத்தின் வழியாகவே மெல்ல மெல்லக் கூடவும் குறையவும் முடியும். அம்மீனை இரண்டொரு நிமிஷத்தில் மேலே இழுத்துவிட்டால், பாயில் கண்ட விதிப்படி அந்த வாயு ஐந்து மடங்கு விரிகிறது. பை உப்பி, இரைப்பையை வாய்வழியே வெளியே தள்ளும், கண்கள் பிதுங்கும். அந்நிலையில் மீனை நீரில் எறிந்தால் அது பந்துபோல மிதக்கும். நீந்தி இறங்க இயலாமல், கடற்பறவைக்கோ சுறாவுக்கோ இரையாகும். 'கடலில் மீண்டும் எறிந்துவிடுக' என்று நான் எழுதியதன் பலன் இதுதான்: மீனவனுக்கும் நஷ்டம், மீனுக்கும் சாவு.

இதற்குப் பரிகாரம் இல்லாமலில்லை. மீனின் கீழ்த்தாடையில் ஒரு பளுவைக் கொக்கியால் மாட்டி, நரம்பில் கட்டி, பிடித்த ஆழத்துக்கே இறக்கிவிட்டால், அழுத்தத்தில் வாயு மீண்டும் சுருங்கி, மீன் தெளிந்து நீந்திப்போகும். அடியில் ஒரு வெட்டு வெட்டி இழுத்தால் கொக்கி கழன்று வந்துவிடும். மெக்சிகோ வளைகுடாவில் பார்மீன் பிடிப்போர் இத்தகைய இறக்குங் கருவியையோ காற்றை வெளியேற்றும் ஊசியையோ படகில் வைத்திருக்க வேண்டும் என்று அமெரிக்காவில் இயற்றிய சட்டம் 2022 இல் அமலுக்கு வந்தது. ஊசி பழக்கமில்லாதவர் கையில் ஆபத்து, குடலைக் குத்திவிடும். பளுவும் கொக்கியும் எந்த மீனவனும் தானே செய்துகொள்ளத்தக்கவை. விலைக்கு வாங்க வேண்டிய அவசியமே இல்லை. இதைப் பெரியவரிடம் படம் வரைந்து காட்டியபோது, "பழைய ஈயக்குண்டே போதும்" என்று சொல்லி, என் படத்தில் கொக்கியின் வளைவைத் திருத்தினார்.

கோல் தூண்டில் விளையாட்டைப் பற்றியும் என் கருத்தைக் கேட்பவர்கள் உண்டு. 1873 இல் தாமஸ் என்னும் சென்னை சிவில் சர்வீஸ் அதிகாரி இந்தியாவில் தூண்டில் விளையாட்டைப் பற்றி நூல் எழுதிய நாளிலிருந்து, இது துரைமார்களின் பொழுதுபோக்கு என்ற ஒரு வெறுப்பு நம்மிடையே இருந்துவருகிறது. அந்த வெறுப்பு எனக்கும் சிறிது உண்டு. ஆயினும் கணக்கைப் பார்த்தால், மேல்நீரில் பாறை மீனைப் பிடித்துப் படமெடுத்துவிட்டு உயிரோடு விடுகிறவர், அம்மீனைத் தீவுக்கு உரியதாகவே விட்டுச்செல்கிறார். படகுக்காரருக்கும் விடுதிக்காரருக்கும் கூலியும் கொடுக்கிறார். மேல்நீரில் பிடிபட்ட பாறைக்கு மேற்கூறிய காற்றுப்பைத் துன்பம் பெரும்பாலும் நேர்வதில்லை. அடித்தளக் களவாவின் கதை அப்படியன்று. ஆழத்திலிருந்து இழுத்துவிட்டு 'உயிரோடு விட்டேன்' என்று சொல்வது பல சமயங்களில் தன்னைத்தானே ஏமாற்றிக்கொள்வதாகும். ஆகவே விளையாட்டுக்கு அனுமதி தருவோர் இவ்விரண்டையும் ஒன்றாகக் கருதலாகாது. மேலும், விளையாட்டுப் படகுகளுக்காகக் கைத்தூண்டில் மீனவர்களை எந்தப் பாரிலிருந்தும் விலக்கும் நாள் வருமாயின், நான் மீனவர் பக்கமே நிற்பேன். அவர்களுக்கு அந்தப் பார் பொழுதுபோக்கு அன்று.

இவ்வளவு கட்டுப்பாடு எதற்கு, தீவுகளின் கடல்தான் இன்னும் முழுவதும் பயன்படுத்தப்படவில்லையே என்று வாதிப்பவர்கள், ஓர் எண்ணை எடுத்துக் காட்டுவது வழக்கம். ஏறத்தாழ 6 லட்சம் சதுர கிலோமீட்டர் பரப்புள்ள இத்தீவுகளின் பொருளாதார மண்டலத்தில் ஆண்டுக்கு 1.48 லட்சம் டன் மீன் பிடிக்கலாம் என்பது அந்த மதிப்பீடு. எண் மெய்யே. ஆனால் அதில் 60,000 டன் சூரை முதலிய உயர்ந்த விலையுள்ள மீன்கள். அவை திறந்த ஆழ்கடலில் திரிபவை. பாரைச் சுற்றி வாழும் களவாவுக்கும் அந்தப் பெரிய எண்ணுக்கும் சம்பந்தம் சிறிதே. ஆழ்கடலுக்குச் செல்லத் தக்க கலமும் பனிக்கட்டியும் இல்லாத சிறு மீனவன், அந்த எண்ணின் ஊக்கத்தால் தள்ளப்பட்டுப் போய்ச் சேரும் இடம் அருகிலுள்ள பார்தான். களவாவுக்குத் தென்கிழக்காசிய நகரங்களின் உணவு விடுதிகளில் நல்ல விலை இருப்பது அறிந்தவுடன், தீவு மக்கள் 'மெயின்லாண்டு' என்று வழங்கும் இந்தியக் கரை வழியாக அது ஏற்றுமதியாகத் தொடங்கிற்று. முன்பு வீட்டுச் சட்டிக்குப் பிடித்த மீன், பிறகு பெட்டிக் கணக்கில் போயிற்று.

பார்களும் முன்பிருந்த பார்கள் அல்ல. 2004 டிசம்பர் 26 ஆம் தேதிய நிலநடுக்கத்தில் வட அந்தமான் பகுதி ஒரு மீட்டருக்கு மேல் உயர்ந்து, உயிருள்ள பவளப் பார்கள் வெயிலில் காய்ந்து வெளுத்தன. தெற்கே நிக்கோபார் நிலம் தாழ்ந்து கடலுள் இறங்கிற்று. 2010 இல் கடல் நீர் அளவுக்கு மீறிச் சூடேறிப் பவளங்கள் பெரிதும் வெளிறின. வண்டூரில் 1983 இலும், ரிச்சி தீவுக்கூட்டத்தில் 1996 இலும் கடல்சார் தேசியப் பூங்காக்கள் ஏற்படுத்தப்பட்டன. அவற்றுள் மீன் பிடிக்கத் தடை உண்டு. அவற்றின் எல்லைக்கு வெளியே உள்ள பார்களைப் பற்றியே இக்கட்டுரையில் பேசுகிறேன்.

பெயர்களைப் பற்றி மீண்டும் ஒரு வார்த்தை. களவா, செப்பிலி போன்ற பெயர்கள் ஊருக்கு ஊர் மாறும், ஆகவே விஞ்ஞான எழுத்துக்கு உதவா, புதுச் சொல் படைப்பதே முறை என்று என் நண்பர் சிலர் கூறுவர். நான் அவ்வாறு எண்ணவில்லை. செப்பிலி இனத்துக்கு விஞ்ஞானிகள் உலகெங்கும் வழங்கும் பெயர் 'லுட்ஜானஸ்.' அது கிரேக்கமும் அன்று, இலத்தீனும் அன்று. மலாய் மீனவர்கள் 'இக்கான் லுட்ஜாங்' என்று சொன்னதிலிருந்து பிறந்தது. பதினெட்டாம் நூற்றாண்டின் ஜெர்மானிய அறிஞர் மலாய்ப் படகுக்காரன் சொல்லை ஏற்கத் தயங்கவில்லை. சென்னைப் பட்டாளத்தில் மருத்துவராயிருந்து, 1870களில் இந்திய மீன்களைப் பற்றிப் பெருநூல் வெளியிட்ட பிரான்சிஸ் டே, அந்தமான் மீன்களையும் தனியே ஆராய்ந்தவர். அவர் தம் நூலில் மீன்களுக்கு வழங்கும் தமிழ்ப் பெயர்களையும் கேட்டுக் குறித்திருக்கிறார். மத்தியக் கடல் மீன்வள ஆராய்ச்சி நிலையம் 1971 இல் கொச்சிக்கு மாறும்வரை மண்டபத்தில்தான் தலைமையிடம் கொண்டிருந்தது. அங்கு பணியாற்றிய விஞ்ஞானிகளும் மீனவர் பெயர்களை அறிக்கைகளில் சேர்ப்பதை வழக்கமாகக் கொண்டனர். இவ்வளவு நல்ல வழக்கம் இருந்தும், அகராதியை மட்டும் நம்பிப் 'பாறை மீன்' என்று எழுதியவன் நான்.

பிரசுரத்தின் திருத்திய தமிழாக்கத்தைச் சென்ற மாதம் அனுப்பிவைத்தேன். 'களவா' என்று எழுதி, ஐயம் நேராதிருக்கப் படமும் சேர்க்கும்படி கேட்டிருக்கிறேன். 'எறிந்துவிடுக' என்பதை நீக்கி, 'பளுவில் மாட்டிப் பிடித்த ஆழத்துக்கே இறக்கிவிடுக' என்று மாற்றி, பெரியவர் திருத்திய கொக்கியின் வரைபடத்தையும் இணைத்தேன். 'இறக்கிவிடுக' என்பது ஏதோ கூலிச் சரக்கை இறக்குவதுபோல ஒலிக்கிறது, 'விடுவிக்கவும்' என்று எழுதினால் போதாதா என்று மேலிடத்திலிருந்து கேட்டிருக்கிறார்கள். போதாது என்று காரணத்தோடு பதில் எழுதியிருக்கிறேன். பட்டியலில் பதினொரு மீன்களுக்குத் தமிழ்ப் பெயர் சேர்த்தாயிற்று. மஞ்சள் வாலுடைய ஒரு விளமீனுக்கு மட்டும் மூன்று ஊரில் மூன்று பெயர் சொல்கிறார்கள். மூன்றையும் அச்சிடும்படி குறிப்பு வைத்திருக்கிறேன்.